பணியிடப் பாதுகாப்பு ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணியிடங்களில் தூசு, சத்தம், வெப்பம் ஆகியவற்றை அளப்பதும், அளந்ததை வைத்துத் தொழிலாளர்களிடமும் நிர்வாகத்திடமும் பேசுவதும் என் வேலை. பயிற்சி முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது யாராவது ஒருவர் பின்தங்கி நின்று ஒரு சந்தேகம் கேட்பார். இடம் மாறும், ஆள் மாறுவார், சந்தேகம் மட்டும் மாறாது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே குறித்துவைத்தேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஹெல்மெட் போடு, கவனமாக இரு. இதற்கு மேல் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கவனமாக இருந்தாலும் தவிர்க்க முடியாதவைதான் பெரும்பங்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலை தொடர்பான காரணங்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 29.3 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3.3 லட்சம் பேர். மற்ற 26 லட்சம் பேரைக் கொல்வது நோய்: நுரையீரலில் படிந்த தூசு, என்றோ சுவாசித்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), இதயத்தைத் தேய்த்த வேலைநேரம். மேலிருந்து விழும் செங்கல் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிவிடலாம். நுரையீரலின் அடிவரை போகும் தூசு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை அளந்து காட்டுவதும், அதைக் குறைக்கும் வழியைச் சோதித்துப் பார்ப்பதும்தான் இந்த ஆராய்ச்சி.

இத்துறையின் தொடக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இத்தாலியின் மோடெனாவில் வாழ்ந்த மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளி ஏன் இத்தனை அவசரமாக வேலை செய்கிறார் என்று அவரிடமே கேட்டார். இந்தக் குழியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்றார் அவர். நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்கள் சிவந்து மங்கியிருந்தன. ராமஸ்ஸினி ஒவ்வொரு தொழிலாக விசாரித்து 1700இல் தொழில்நோய்கள் குறித்து ஒரு முழு நூலையே எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர்தான்.

விபத்துகளில் பெரும்பாலானவை தொழிலாளியின் அஜாக்கிரதையால்தான் என்று பாடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்களே?

அந்தப் பாடத்தின் வேர் 1931இல் இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக், விபத்துகளில் 88 சதவீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்கின்றன என்று எழுதினார். அவர் பெரிதும் நம்பியது காப்பீட்டுக் கோப்புகளையும், மேற்பார்வையாளர்கள் எழுதிய அறிக்கைகளையும். யார் காரணம் என்று மேற்பார்வையாளரைக் கேட்டால் அடிபட்டவரின் பெயரை எழுதுவது எளிது. அந்த மூல ஆவணங்கள் பின்னால் வந்தவர்கள் சரிபார்க்கக் கிடைக்கவும் இல்லை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. ஒரு தொழிலாளி இரண்டு விரல்களை இழந்தார். இடப்பக்கப் பொத்தானில் ஒரு சிறு மரத்துண்டு செருகப்பட்டிருந்தது. "பாதுகாப்பு ஏற்பாட்டை மீறினார்" என்று அறிக்கை முடிந்துவிட்டது. அந்த மரத்துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அது ஒருநாள் செய்த தவறு இல்லை, பல மாதங்களாக மூன்று ஷிப்டுகளிலும் இருந்த வழக்கம். தகடு அச்சில் சரியாக உட்காராததால் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றாட இலக்கும் மரத்துண்டு செருகியிருந்த வேகத்தை வைத்தே நிர்ணயிக்கப்பட்டிருந்தது.

தகடு தானாக உட்காரும்படி அச்சில் ஒரு தாங்கி வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பொத்தான்களிலிருந்தும் கையை எடுத்து மீண்டும் அழுத்தினால்தான் இயங்கும்படி மின்சுற்றை மாற்றினார்கள். ஆளைக் குறைசொல்லி முடிந்த அறிக்கையால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது.

பாதுகாப்பு நடவடிக்கைகளில் எது முதலில், எது கடைசியில்?

முதலில் ஆபத்தை முழுவதுமாக நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை அந்த இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, மூடி, உறிஞ்சும் குழாய் போன்ற பொறியியல் ஏற்பாடு. அதற்கடுத்து வேலை முறை, நேரம், பயிற்சி. ஆள் அணியும் கவசம் கடைசி. மேலே இருப்பவை யாருடைய நினைவையும் கவனத்தையும் நம்பி இல்லை. கீழே வர வர எல்லாச் சுமையும் தொழிலாளியின் தலையில் ஏறுகிறது.

தீப்பெட்டித் தொழில் இதற்கு நல்ல சாட்சி. வெள்ளைப் பாஸ்பரஸைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. காற்றோட்டம், பல் பரிசோதனை, கைகழுவும் விதிகள் என்று பல பத்தாண்டுகள் முயன்றார்கள். நோய் குறைந்தது, ஒழியவில்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் பெர்ன் உடன்படிக்கை 1906இல் உருவாகி, நாடுகள் ஒவ்வொன்றாக வேறு பொருளுக்கு மாறிய பிறகுதான் அந்த நோய் தொழிற்சாலைகளை விட்டுப் போனது.

அப்படியானால் மாஸ்க், கையுறை, காதடைப்பான் எல்லாம் வீணா?

வீண் இல்லை. தீயணைப்பு வீரர் மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆனால் கவசத்தின் அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு பாதுகாப்பு, அணிந்தவருக்கு அப்படியே கிடைப்பதில்லை. முகத்தோடு ஒட்டாத மாஸ்க்கின் ஓரத்தில் தூசு நுழைந்துவிடும். தாடி இருந்தால் இன்னும் எளிது. சுழலும் துளையிடும் இயந்திரத்தின் அருகே கையுறை போட்டால், அதுவே விரலை உள்ளே இழுத்துவிடும்.

காதடைப்பானை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். இப்போது 30 டெசிபல் குறைக்கும் காதடைப்பானை எட்டு மணி நேரத்தில் அரைமணி மட்டும் கழற்றிவைத்தால், அன்றைய மொத்தப் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாகச் சரிந்துவிடும். பேசுவதற்காகவும் வியர்வையைத் துடைக்கவும் கழற்றும் நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால் அரைமணி என்பது பெரிய விஷயமே இல்லை. அதனால்தான் இரைச்சலிடும் இயந்திரத்தையே மாற்றச் சொல்கிறோம்.

ஒரு பொருள்தான் நோயைத் தந்தது என்று எப்படி நிரூபிக்கிறார்கள்? வெளியிலும் ஆயிரம் காரணங்கள் இருக்கின்றனவே?

ஒரே ஒரு நோயாளியை வைத்து நிரூபிப்பது கடினம். கூட்டமாகப் பார்க்கும்போதுதான் தடயம் தெரியும். 1960இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் கண்ட 33 பேரைப் பற்றி எழுதினார்கள். மிக அரிதான ஒரு நோய், கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு தொடர்புடைய மக்களிடம் குவிந்திருந்தது. சிலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள்கூட இல்லை, சிறுவயதில் அதன் அருகே வாழ்ந்தவர்கள். நார் உள்ளே போனதற்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையில் பல பத்தாண்டுகள் ஓடியிருந்தன.

தொடர்பு தெரிந்தால் மட்டும் போதுமா, காரணம் என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்விக்கு ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் 1965இல் ஒன்பது கோணங்களை முன்வைத்தார். தொடர்பு எவ்வளவு வலுவானது, வேறு இடங்களிலும் தெரிகிறதா, காரணம் முன்னும் நோய் பின்னும் வருகிறதா, அளவு கூடினால் நோயும் கூடுகிறதா என்பவை அவற்றில் சில. உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் இன்று படிக்கும் இந்தக் கோணங்கள், தொழில்சார் மருத்துவப் பிரிவொன்றின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையில்தான் பிறந்தன.

எங்கள் இடத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர்கள் திடமாக இருக்கிறார்களே, அப்புறம் என்ன ஆபத்து?

நீங்கள் பார்ப்பது நிலைத்து நின்றவர்களை. மூச்சு வாங்கியவர்களும் முதுகு உடைந்தவர்களும் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார்கள். வேலைக்கு எடுக்கும்போதே பலவீனமானவர்களை விலக்கிவிடுவதால், தொழிலாளர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைவிடக் குறைவாகத் தெரிவதும் உண்டு. வில்லியம் ஓகிள் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 1885லேயே இதைக் கவனித்துச் சொன்னார். எனவே வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிப் பிடிக்காத ஆய்வை நம்பாதீர்கள். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, பாதியில் நின்ற பெயர்களை விசாரித்துப் பாருங்கள்.

படிப்பில்லாத தொழிலாளி ஆராய்ச்சிக்கு என்ன செய்ய முடியும்? அதெல்லாம் டாக்டர்கள், பொறியாளர்கள் வேலை இல்லையா?

முதல் பதிலில் வந்த மலக்குழித் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ராமஸ்ஸினிக்குப் பாடம் சொன்னவர் அவர்தான். 1977இல் கலிபோர்னியாவின் ஒரு பூச்சிமருந்து ஆலையிலும் அப்படித்தான் நடந்தது. தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசும்போது கவனித்தார்கள். பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தது. அவர்கள் கையாண்ட டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லியே காரணம் என்று தெரிந்தது. அது விலங்குகளின் விதைப்பையைப் பாதிக்கிறது என்று 1961லேயே ஆய்வுக்கட்டுரை வந்திருந்தது. அந்தத் தாள் ஆலைத் தளத்துக்கு வந்து சேரவில்லை.

நான் அடிக்கடி கையாளும் முறை மிக எளியது. பெரிய தாளில் மனித உடலின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கோட்டுருவமாக வரைந்து சுவரில் ஒட்டுவோம். வலிக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு வண்ணப் பொட்டு ஒட்ட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். ஒரு பொதிகட்டும் பிரிவில் வலது தோளில் மட்டும் பொட்டுகள் ஈக்கூட்டம் போல மொய்த்தன. "தினமும் வலிக்கும், எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்" என்றார் ஒரு பெண்மணி. காரணம் தேடி வெகுதூரம் போகவில்லை. ஒட்டும் டேப் உருளை தலைக்கு மேலே இருந்த தட்டில் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கையைத் தூக்கி இழுத்தார்கள். தட்டை முழங்கை உயரத்துக்கு இறக்கினோம். மூன்று மாதங்கள் கழித்து அதே தாளை ஒட்டியபோது தோளில் பொட்டுகள் குறைந்திருந்தன, மணிக்கட்டில் அப்படியே இருந்தன. டேப்பை அறுக்கும் பல் மழுங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

புதுமை என்றாலே பெரிய முதலீடு. சிறிய பட்டறைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

தட்டை இறக்கியதற்கு ஆன செலவு நான்கு திருகாணிகள். மிகக் கொடிய ஆபத்துகளில் ஒன்றுக்குக்கூட முதல் மருந்து தண்ணீர்தான். சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருப்பது உண்டு; இயற்கையான கிரானைட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பளிங்கில் மிகக் குறைவு. செயற்கைக் கல்லை உலர்ந்த நிலையில் அறுத்த இளைஞர்களுக்கு, சிலிக்காத் தூசால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய், முன்பு பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது, சில ஆண்டுகளிலேயே வந்தது. அறுக்கும் இடத்தில் நீர் பாய்ச்சினால் தூசு வெகுவாகக் குறையும். ஆனால் மின்கருவி நீரோடு பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். தரையில் தேங்கும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும், காய்ந்தால் அதே தூசுதான் மீண்டும் எழும். துடைப்பமும் காற்றடிக்கும் குழாயும் கூடவே கூடாது.

இதிலும் வரிசை முறை நினைவில் இருக்கட்டும். நீர், உறிஞ்சும் குழாய், மாஸ்க் மூன்றும் இருந்தும் போதிய பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்று கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லையே தடைசெய்துவிட்டது.

இடுப்பு பெல்ட் போட்டால் முதுகுவலி வராது என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 160 கடைகளில் சரக்குக் கையாளும் 9,377 பேரைப் பேட்டி கண்டு நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுக் காயத்திலோ முதுகுவலியிலோ வேறுபாடு தெரியவில்லை. பெல்ட் போட்டதால் தைரியம் வந்து கூடுதலாகத் தூக்குபவர்களும் இருக்கிறார்கள் என்பது என் கவலை.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு நியோஷ் 1991இல் திருத்திய சமன்பாடு ஒன்று இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருக்கும்போது அதன் உச்ச எடை 23 கிலோ. அதே சுமை உடலிலிருந்து 25 செ.மீ.க்குப் பதிலாக 50 செ.மீ. தள்ளியிருந்தால் பரிந்துரை பாதியாகி 11.5 கிலோவாகிவிடும். எனவே பெல்ட் வாங்கும் பணத்தில் மேசையை அருகே நகர்த்துங்கள், தள்ளுவண்டி வாங்குங்கள்.

உடம்பில் மாட்டும் இயந்திரச் சட்டம், அந்த எக்ஸோஸ்கெலிட்டன்?

தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்யும் வேலைகளில் தோள் தசையின் உழைப்பைக் குறைக்கிறது என்று சோதனைச்சாலைகளில் தெரிகிறது. நீண்டகாலக் காயம் குறையுமா என்பதற்குச் சான்று இன்னும் போதவில்லை. தோளிலிருந்து எடுத்த பாரம் இடுப்புக்கோ தொடைக்கோ போகலாம். வாங்குவதற்கு முன் சில வாரங்கள் அணிந்து வேலை செய்து பார்த்தவர்களின் கருத்தைக் கேளுங்கள்.

"விபத்தில்லாத 400வது நாள்" என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அந்தப் பலகைக்கு ஊக்கத்தொகை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விபத்தே இல்லையென்றால் எல்லோருக்கும் பரிசு என்று அறிவித்த இடங்களில், விரல் வெட்டுப்பட்டவர் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார். சக தொழிலாளிகளின் பரிசு தன்னால் போகக்கூடாதே என்ற தவிப்பு அவருக்கு. பலகையில் எண் ஏறும், ஆபத்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மோசமான ஆண்டுக்குப் பிறகு எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால்கூட அடுத்த ஆண்டு எண்ணிக்கை ஓரளவு இறங்கும், ஏனென்றால் உச்சம் நீடிப்பது அரிது. அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். அதனால்தான் மாற்றம் செய்யாத இன்னொரு குழுவோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. நான் பெரிதும் மதிப்பது வேறொரு எண்ணை: மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகள் எத்தனை பதிவாகின்றன, அவற்றில் எத்தனைக்கு ஒரு வாரத்துக்குள் தீர்வு கிடைத்தது. பதிவு கூடினால் பயப்பட வேண்டாம், மக்கள் நம்பிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

சட்டமும் அரசாங்கச் சோதனையும் வெறும் தொல்லைதானே? அதனால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சோதனையிட்ட பணியிடங்களை, சோதனையிடாத அதேபோன்ற இடங்களோடு ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சோதனை நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதமும், காயங்களுக்கான செலவு 26 சதவீதமும் குறைந்திருந்தன. வேலைவாய்ப்போ விற்பனையோ குறைந்ததற்கு அறிகுறி இல்லை. குலுக்கல் என்பதால் முந்தைய பதிலில் சொன்ன உச்சச் சிக்கல் இதில் கிடையாது.

டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரை நசுக்காமல் காக்கும் உறுதியான சட்டத்தை, புதிய டிராக்டர்களில் சுவீடன் 1959இல் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் மிக அரிதாகிவிட்டார்கள். பயன்படுத்தியதும் முனை மறைந்துகொள்ளும் ஊசிகளை வலியுறுத்தி அமெரிக்கா 2000இல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே பல மருத்துவமனைகளின் பதிவுகளில் ஊசிக்குத்துக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இந்த இரண்டிலும் கண்டுபிடிப்பு முன்பே இருந்தது. எல்லோர் கைக்கும் அதைக் கொண்டுசேர்த்தது சட்டம்.

வெயிலில் வேலை செய்வது காலங்காலமாக நடப்பதுதானே, இதில் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள்?

உடல் வெப்பத்துக்குப் பழகப் பல நாட்கள் ஆகும் என்பதையும், அந்தப் பழக்கம் இல்லாதவர்களே அதிகம் சாகிறார்கள் என்பதையும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கணக்கில், வெளிப்புற வேலையில் நேரும் வெப்ப மரணங்களில் பாதியோ அதற்கு மேலோ முதல் சில நாட்களிலேயே நேர்கின்றன. எனவே புதியவருக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத நேரம்தான், பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டு என்கிறது நியோஷ் பரிந்துரை. "முதல் நாளே திறமையைக் காட்டு" என்று மேஸ்திரி சொல்லும் இடத்தில் இந்த ஒரு விதி உயிர் காக்கும்.

வெப்பமானி மட்டும் போதாது. ஈரப்பதம், காற்றோட்டம், நேரடி வெயில் மூன்றையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவு 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக உருவானது. நிகரகுவா, எல் சல்வடார் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளம் தொழிலாளர்களின் சிறுநீரகம் செயலிழந்ததை ஆராய்ந்தவர்கள், கடும் வெப்பத்தில் கடும் உழைப்பு என்ற காரணத்தையே முன்னே வைக்கிறார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறைப்படுத்திய இடங்களில் சிறுநீரகப் பாதிப்புக் குறைந்திருக்கிறது.

இரவு ஷிப்டு, கூடுதல் நேரம் இதெல்லாம்கூடப் பாதுகாப்பில் சேருமா?

சேரும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததால் 2016இல் மட்டும் 7.45 லட்சம் பேர் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறந்தார்கள். 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட அவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். இரவு ஷிப்டைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்ற பிரிவில் வைத்து, 2019இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. வேலைநேரத்தைச் சம்பளக் கணக்காக மட்டும் பார்க்கும் வழக்கம் மாற வேண்டும்.

கையில் சென்சார், தலைக்கு மேல் கேமரா. பாதுகாப்பு என்று சொல்லி எங்களை வேவு பார்க்கிறார்களா?

இந்தப் பயம் நியாயமானது. நச்சுவாயுவை உணர்ந்து அலறும் கருவி, ஆள் நெருங்கினால் நிற்கும் ரோபோ ஆகியவற்றை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் இதயத் துடிப்பையும் கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் பதிவுசெய்யும் கருவி வேறு ரகம். பிரிட்டனின் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் கண்டறியக் கனேரிப் பறவை போன்ற சிறு உயிர்களைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிரிட்டனில் 1986 வரை அந்தப் பழக்கம் இருந்தது. அந்தப் பறவை காற்றைக் கண்காணித்தது, தொழிலாளியைக் கண்காணிக்கவில்லை.

கருவியை ஏற்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: தரவு யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும், தண்டனைக்கோ பதவி உயர்வுக்கோ பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி உண்டா, மறுப்பவருக்குப் பாதகம் வராதா. இவற்றுக்கு நேரான பதில் இல்லையென்றால் கருவியைக் கட்டிக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

பாதுகாப்புக் கருவியே புதிய ஆபத்தைக் கொண்டுவருமா?

கொண்டுவரும். ஹம்ப்ரி டேவி 1815இல் உருவாக்கிய பாதுகாப்பு விளக்கு, சுரங்க வாயுவைப் பற்றவைக்காதபடி சுடரைக் கம்பிவலைக்குள் அடைத்தது. அந்த நம்பிக்கையில், முன்பு வெடித்துவிடும் என்று கைவிட்ட ஆழமான பகுதிகளுக்கும் ஆட்களை அனுப்பினார்கள். வலை கிழிந்த இடத்தில் வெடித்தது. வேதிப்பொருள்களிலும் இது நடக்கிறது. ஓசோன் படலத்தைக் கெடுத்த கரைப்பான்களுக்கு மாற்றாக வந்தவற்றில் ஒன்று 1-புரோமோபுரோப்பேன். அதைப் போதிய காற்றோட்டமின்றிப் பயன்படுத்திய தொழிலாளர்களுக்கு நரம்பு பாதித்து நடையே தடுமாறியது. மாற்றுப் பொருளை அதன் புதிய பெயருக்காக நம்பாமல், பழைய பொருளைச் சோதித்த அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும்.

ஆய்வுக்காகச் சிலருக்குப் பாதுகாப்புக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் விடுவது அநியாயம் இல்லையா?

பயன் உறுதியாகத் தெரிந்த பாதுகாப்பை யாருக்கும் மறுத்து ஆய்வு செய்யக் கூடாது. தூசு உறிஞ்சும் குழாய் வேலை செய்யும் என்று தெரிந்த பிறகு, அது இல்லாமல் ஒரு குழுவை நிறுத்திப் பார்ப்பது குற்றம். பயன் உண்டா என்றே தெரியாதபோதுதான் ஒப்பீடு. இடுப்பு பெல்ட் அப்படிப்பட்டது. எல்லோருக்கும் கொடுப்பது என்று முடிவான பிறகும் ஒரே நாளில் கொடுக்க இயலாது. அப்போது எந்தப் பிரிவுக்கு முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டுப் படிப்படியாக விரிக்கலாம். காத்திருக்கும் பிரிவுகளே ஒப்பீட்டுக் குழுவாகிவிடும், கடைசியில் விடுபடுபவர் யாரும் இல்லை.

முழு நிரூபணம் கிடைக்கும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்?

கல்நார்த் தூசின் கூர்மையான துகள்கள் உடல்நலத்தைக் கெடுப்பதைப் பிரிட்டனின் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன் 1898இல் அறிக்கையாக எழுதினார். பிரிட்டன் கல்நாரை முழுவதுமாகத் தடைசெய்தது 1999இல். இடையில் நூற்றியோர் ஆண்டுகள். நிரூபணத்துக்காகக் காத்திருந்த காலத்தின் விலையைக் கொடுத்தவர்கள், காத்திருக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் இல்லை.

காரணம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. புகைபோக்கி துடைத்த சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்களுக்கு வரும் புற்றுநோய்க்குக் கரிப்புகை காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் சொன்னார். அத்தகைய புற்றுநோய்க்குக் காரணமான வேதிப்பொருளைத் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தது 1930களில். உடம்பில் படிந்த கரியைக் கழுவுவதற்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆபத்தைச் சுட்டிக்காட்டினால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

மற்றக் கேள்விகளை எல்லோர் முன்னிலையிலும் கேட்பவர்கள், இதை மட்டும் தனியாக வந்து கேட்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகி நிற்கும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155வது உடன்படிக்கை சொல்கிறது. பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக 2022 ஜூனில் அந்த அமைப்பு சேர்த்தது. தாளில் இருக்கும் உரிமை தளத்துக்கு வந்து சேராத இடங்கள் நிறைய என்பதையும் நான் அறிவேன். அதனால் தனியாகப் போக வேண்டாம் என்றே சொல்வேன். பொட்டு ஒட்டும் தாளில் பெயர் கேட்காததற்குக் காரணம் இதுதான்: இருபது பேர் ஒட்டிய பொட்டில் யாருடையது எது என்று எவராலும் பிரிக்க முடியாது.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், இயந்திரம், என்ன நடந்தது, அப்போது யார் அருகில் இருந்தார்கள். கருத்து எதுவும் எழுத வேண்டாம், கண்டதை மட்டும் எழுதுங்கள். "காலை 10.20. மூன்றாம் பிரஸ். இடப்பக்கப் பொத்தான் அழுத்தாமலே அச்சு இறங்கியது. கை வெளியே இருந்தது." இரண்டு விரல்களை இழந்தவரின் பட்டறையில் இப்படி ஒரு வரி முன்பே எழுதப்பட்டிருந்தால், நான் அந்த மரத்துண்டை அவருடைய கையிலிருந்தே வாங்கிப் பார்த்திருப்பேன்.